மூட்டு மாற்றி 19 நாள் ஆகிறது, கால் மடங்கவில்லை

3 நவம்பர் 2024 (கேள்வி)

அம்மாவுக்கு 66 வயது. வலது முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து இன்றோடு 19 நாள். 75 டிகிரிக்கு மேல் கால் மடங்கவில்லை. ராத்திரி இரண்டு மணி நேரம்கூடத் தொடர்ந்து தூங்குவதில்லை. “பழைய வலியோடயே இருந்திருப்பேனே, எதுக்குடா இதைச் செய்யவெச்ச” என்று என்னைப் பார்த்து அழுகிறார். எங்கள் தெருவில் இதே ஆபரேஷன் செய்துகொண்டவர் பத்தாம் நாளே மாடி ஏறினாராம். பிசியோதெரபிஸ்ட் வண்டிச் சத்தம் கேட்டாலே அம்மாவின் முகம் மாறிவிடுகிறது. தப்பான முடிவு எடுத்துவிட்டோமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

3 நவம்பர் 2024, இரவு

தப்பான முடிவு இல்லை தம்பி. எனக்கு 64 வயது, அதே வலது கால். ஆகஸ்ட் 8-ம் தேதி செய்தார்கள், இன்றைக்கு 87-வது நாள். சேலத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எதையும் நோட்டில் எழுதிவைக்கிற பழக்கம் உண்டு. உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு நோட்டைப் புரட்டினேன். என்னுடைய 19-ம் நாள்: மடக்கம் 70 டிகிரி (நேராக நீட்டிய கால் 0 என்று கணக்கு). தூக்கம் 11 முதல் 12.30 வரை, அப்புறம் 4 முதல் 5 வரை. ஓரத்தில் “ஏன் ஒப்புக்கொண்டேன்” என்று ஒரு வரி. அன்றைக்கு நானும் அழுதேன். இன்றைக்கு மடக்கம் 112.

ஒரு விஷயத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கும்போது வலி குறைவாகத்தான் தெரியும். முதுகில் போட்ட ஊசி, தொடை நரம்பை மரத்துப்போக வைக்கிற ஊசி, டிரிப்ஸில் ஏறும் மருந்து எல்லாம் சேர்ந்து காக்கின்றன. நான்காம் நாள் வாக்கரைப் பிடித்து நடந்து காட்டிவிட்டு வீட்டுக்கு வருகிறோம், எல்லோரும் கைதட்டுகிறார்கள். வீட்டில் இருப்பது மாத்திரை மட்டும். உண்மையான வலி அப்போதுதான் தெரிகிறது. எனக்கு இரண்டாவது, மூன்றாவது வாரம்தான் மிக மோசம். உங்கள் அம்மா சரியாக அந்த இடத்தில் நிற்கிறார்.

தூக்கத்துக்கு நான் செய்தவை. வலி மாத்திரையின் கடைசி வேளையைப் படுக்கும் நேரத்துக்கு மாற்றித் தரும்படி டாக்டரிடம் கேட்டேன், மாற்றித் தந்தார். படுக்கும் முன் ஐஸ் பையைத் துணியில் சுற்றி 20 நிமிடம். ஒருக்களித்துப் படுத்தால் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தலையணை. மல்லாந்து படுக்கும்போது முழங்காலுக்கு அடியில் ஒரு சின்னத் தலையணை வைத்துப் பாருங்கள், எனக்கு அது ரொம்ப இதமாக இருந்தது.

பிசியோவை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அம்மா அழுதாலும் பரவாயில்லை, அழுத்தி மடக்கச் சொல்லுங்கள். வலித்தால்தான் மடங்கும்.

4 நவம்பர் 2024, காலை 11 மணி

தம்பி, அவசரம். நேற்று தலையணை பற்றி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். முழங்காலுக்கு அடியில் எதையும் வைக்க வேண்டாம். நேற்று ராத்திரி வைத்திருந்தால் இன்றைக்கு எடுத்துவிடுங்கள்.

காலையில் பிசியோதெரபிஸ்ட் வந்தபோது, உங்கள் அம்மாவுக்கு என்ன சொன்னேன் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் அப்படியே நின்றுவிட்டார். “அந்தத் தலையணையை எத்தனை நாள் வெச்சிருந்தீங்கம்மா?” என்று கேட்டார். ஐந்து வாரத்துக்கு மேல். அவரிடம் நான் சொன்னதே இல்லை, சொல்ல வேண்டிய விஷயம் என்று தோன்றவும் இல்லை. என் கால் இன்னும் முழுசாக நீளவில்லை. கட்டிலில் நீட்டிப் படுத்தால் முழங்காலுக்கும் மெத்தைக்கும் நடுவில் உள்ளங்கை நுழைகிறது. 7 டிகிரி குறை. ஏன் போகமாட்டேன் என்கிறது என்று அவரும் ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தார்.

ஆபரேஷன் ஆன முழங்காலுக்கு லேசாக மடங்கி இருப்பதுதான் சுகம். உள்ளே நீர் கோத்திருக்கிறது, அந்த நிலையில்தான் அதற்கு இடம் அதிகம். தலையணை கொடுத்த இதம் அதுதான். ஆனால் இரவு முழுக்க அப்படியே கிடந்தால் பின்பக்கத் தசையும் மூட்டைச் சுற்றியுள்ள உறையும் அந்த அளவுக்கே சுருங்கிப் பழகிவிடும். இதமாக இருந்தது என்பதற்காகவே நல்லது என்று நினைத்துவிட்டேன், உங்களுக்கும் சொல்லிவிட்டேன். மன்னியுங்கள்.

காலை உயர்த்தி வைக்க வேண்டுமானால் குதிகாலிலிருந்து கெண்டைக்கால் வரை தாங்குகிற மாதிரி வையுங்கள், முழங்கால் நேராக இருக்கட்டும்.

4 நவம்பர் 2024, இரவு

மதியம் முழுக்க இதே யோசனை. மடக்கம், மடக்கம் என்று எல்லோரும் அதையே கேட்கிறோம். பார்க்க வருகிறவர்கள்கூட “எவ்வளவு மடங்குது?” என்றுதான் கேட்கிறார்கள். “எவ்வளவு நீளுது?” என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

நீளாத காலோடு நின்று பாருங்கள் தெரியும். கால் நேராக நின்றால் எலும்பு எடையைத் தாங்கிக்கொள்ளும். சற்று மடங்கியே நின்றால் தொடைத் தசைதான் முழு நேரமும் தாங்க வேண்டும். அந்தத் தசையோ ஆபரேஷன் முடிந்த முதல் மாதத்தில் பாதிக்கு மேல் பலத்தை இழந்துவிடுகிறது. அதனால்தான் பத்து நிமிடம் அடுப்படியில் நின்றால் எனக்குத் தொடை நடுங்குகிறது. நடையில் ஒரு விந்தல் வந்துவிட்டது, அந்த விந்தலால் இடுப்பில் வலி. எல்லாம் அந்த 7 டிகிரியில் இருந்து.

இப்போது எனக்குக் கொடுத்திருக்கிற பயிற்சி, உங்கள் அம்மாவின் பிசியோவிடம் கேட்டுவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். டவலைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைக்க வேண்டும். முழங்கால் அந்தரத்தில் இருக்கும். பத்து நிமிடம் அப்படியே விட்டால் காலின் எடையே அதைக் கீழே இறக்கும். கூடவே தொடையை இறுக்கி, முழங்காலைக் கீழே அழுத்துகிற மாதிரி ஐந்து எண்ணும்வரை பிடித்து விட வேண்டும். யாரும் கைவைத்து அழுத்த வேண்டாம். செய்யும்போது பின்பக்கம் இழுக்கும், பல்லைக் கடிக்கிற அளவு வலிக்காது.

மடக்கத்துக்கும் அளவு சொல்லிவிடுகிறேன். சமதரையில் நடக்க 65 முதல் 70 டிகிரி போதும். படி ஏற இறங்க 85, 90. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ 90-க்குச் சற்று மேல். செருப்பு வாரைக் குனிந்து மாட்ட 105 பக்கம். அம்மாவின் 75 வீட்டுக்குள் நடக்க ஏற்கெனவே போதுமான 75. அதை அவரிடம் சொல்லுங்கள்.

6 நவம்பர் 2024

பத்தாம் நாள் மாடி ஏறியவர் பற்றி. ஆபரேஷனுக்கு முன்பு அவருக்கு எவ்வளவு மடங்கியது என்று கேளுங்கள். முன்பு நன்றாக மடங்கிய காலுக்குப் பின்பும் நன்றாக மடங்கும். வருடக்கணக்கில் விறைத்திருந்த காலுக்குத் தசையும் விறைத்துத்தான் இருக்கும், புது மூட்டு போட்டாலும் அது ஒரே நாளில் இளகாது. எனக்கு முன்பே 105-தான், காலும் வில் மாதிரி வளைந்திருந்தது. பக்கத்து வீட்டுக் காலோடு ஒப்பிடுவதை நான் ஆறாவது வாரத்தில் விட்டேன்.

அளக்க ஒரு வழி: நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தரையோடு பின்னால் இழுத்து, குதிகால் நிற்கிற இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. நாற்காலிக் கால் நிற்கிற இடத்தையும் குறித்துவையுங்கள், இல்லாவிட்டால் கணக்கு தப்பும். எங்கள் ஹாலில் செப்டம்பர் முழுக்க அந்தக் கோடுகள் இருந்தன. பேரன் அதைப் பார்த்து “அம்மாயி, நீ இன்னிக்கு ஒரு விரல் ஜெயிச்சிட்ட” என்பான். அவனுக்கு இப்போது நான் ரோபோ அம்மாயி.

9 நவம்பர் 2024

இடையில் ஒருவர், தன் மாமியாருக்குக் கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருக்கிறது, எண்ணெய் போட்டு நீவலாமா என்று கேட்டிருக்கிறார். நீவாதீர்கள். இன்றைக்கே டாக்டரிடம் போங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள். காலின் ஆழ்ந்த ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். நீவினால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம், அது உயிருக்கே ஆபத்து. மூச்சு வாங்கினாலோ நெஞ்சில் வலித்தாலோ ஆம்புலன்ஸ் 108.

எனக்கு 25-ம் நாள் இப்படி வந்தது. வீட்டில் நல்லெண்ணெயைக் காய்ச்சிக் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். தற்செயலாக அந்த நேரத்தில் மகள் ஓசூரிலிருந்து போன் செய்தாள், வேண்டாம் என்று கத்தினாள். ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி இல்லை, சாதாரண வீக்கம்தான். ஆனால் ஸ்கேன் எடுக்கும்வரை அது எங்கள் யாருக்கும் தெரியாது. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரையைச் சொன்ன நாள்வரை விடாமல் போட வேண்டும் என்பதும், படுத்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கச் சொல்வதும் இதற்குத்தான். நான் அதைப் பொழுதுபோகாமல் செய்கிற பயிற்சி என்று நினைத்திருந்தேன்.

தையல் போட்ட இடத்தில் நீரோ சீழோ கசிந்தால், குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், அதற்கும் இதே அவசரம். மூட்டுக்குள் கிருமி போய்விட்டால் அதைத் துரத்துவது பெரும்பாடு. வீட்டிலேயே மாத்திரை வாங்கிப் போட்டு நாள் கடத்தக் கூடாது.

13 நவம்பர் 2024

சாப்பாடு. எங்கள் வீட்டில் 86 வயது அத்தை (மாமியார்) இருக்கிறார். புண் ஆறும்வரை புளி, கத்தரிக்காய் கிடையாது என்று சொல்லிவிட்டார். அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை, ஒத்துக்கொண்டேன். ஆனால் முட்டையும் சூடு, பயறும் வாயு என்று ஒவ்வொன்றாக நிறுத்தியபோது நான் வெறும் ரசம் சோற்றில் வந்து நின்றேன். மூன்றாம் வாரம் எழுந்து நடக்கவே தெம்பு இல்லை. டாக்டர் கேட்டுவிட்டு, தசை திரும்ப வளர வேண்டிய நேரத்தில் புரதத்தை நிறுத்தினால் எப்படி என்றார். தினம் இரண்டு முட்டை, பருப்பு, சாயங்காலம் சுண்டல் என்று மாற்றினோம். அத்தைக்குக் கோபம், இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் அவரே பயறு ஊறவைக்க ஆரம்பித்தார்.

முடவாட்டுக்கால் கிழங்கு பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். கொல்லிமலை, ஏற்காடு பக்கம் இருப்பவர்களுக்கு அது தெரியாமல் இருக்காது. ஆட்டுக்கால் மாதிரி ரோமத்தோடு இருக்கும், தோலைச் சீவி, மிளகு சீரகம் தட்டிப் போட்டு சூப் வைப்பார்கள். ஆபரேஷனுக்கு முன்பு நான்கு வருடம் குடித்திருக்கிறேன், ருசியாக இருக்கும். ஆனால் தேய்ந்த சவ்வு அதனால் வளர்ந்தது என்று நான் சொல்லமாட்டேன், என் எக்ஸ்-ரே வருடா வருடம் மோசமாகத்தான் ஆனது. இப்போது அந்தச் சவ்வே உள்ளே இல்லை. தொடை எலும்பு முனையில் உலோகத் தொப்பி, கீழ்க்கால் எலும்பு மேல் உலோகத் தட்டு, நடுவில் பாலிஎத்திலீன் என்கிற பிளாஸ்டிக். எந்தக் கிழங்கும் அதற்குச் செய்ய ஒன்றுமில்லை. ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரை போடும் நாட்களில் எந்த மூலிகையானாலும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத சங்கடம் மலச்சிக்கல். வலி மாத்திரைகளில் சில அதைக் கொண்டுவரும். வெஸ்டர்ன் டாய்லெட்டில் பழகாதவர்களுக்கு இன்னும் கஷ்டம். வெட்கப்படாமல் முதல் வாரமே மருந்து கேளுங்கள். கொய்யா, கீரை, நிறையத் தண்ணீர். சர்க்கரை உள்ளவர்கள் அதைக் கட்டுக்குள் வைத்தால்தான் புண் ஆறும், எனக்கும் சர்க்கரை உண்டு.

20 நவம்பர் 2024

முதல் நாள் எழுதியதில் இன்னொன்றையும் மாற்ற வேண்டும். “அழுதாலும் பரவாயில்லை, அழுத்தி மடக்கச் சொல்லுங்கள், வலித்தால்தான் மடங்கும்” என்று எழுதியிருந்தேன். நேற்று தம்பி, அம்மாவைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேராக மடக்கினோம், இப்போது முழங்கால் பெருத்துவிட்டது என்று எழுதியதைப் பார்த்ததும் எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் சொன்ன வார்த்தைதான் அது.

எனக்கே நடந்ததை ஏன் மறந்தேன் என்று தெரியவில்லை. முதலில் வந்த பிசியோ (பெயர் வேண்டாம்) நான்காவது வாரத்தில் தன் முழு எடையையும் போட்டு மடக்கினார். 85 வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். மறுநாள் காலையில் முழங்கால் தேங்காய் மாதிரி இருந்தது, மூன்று நாள் கட்டிலை விட்டு இறங்கவில்லை, நான்காம் நாள் அளந்தால் 72. அதற்குப் பிறகு ஆளை மாற்றினோம். இப்போது வருகிறவர் கையை வைத்திருப்பார், மடக்குவது நான். இழுக்கிற இடம் வந்ததும் அங்கேயே நிறுத்தி மூச்சை விடச் சொல்வார். மூச்சு விடும்போது கால் தானாக இன்னும் கொஞ்சம் இறங்கும். பயந்துபோன தசை தன்னை இறுக்கிக்கொண்டு எதிர்க்கும், அதோடு மல்லுக்கு நிற்கக் கூடாது என்பார்.

அவர் கொடுத்த கணக்கு எளியது. பயிற்சி செய்யும்போது வலிக்கலாம், அரை மணி, ஒரு மணியில் அடங்க வேண்டும். மறுநாள் காலையில் வீக்கம் முந்தின நாளைவிட அதிகமாக இருந்தால் நேற்று செய்தது அதிகம், இன்றைக்குப் பாதி. ஒரேயடியாக ஒரு மணி நேரம் செய்வதைவிடப் பத்து நிமிடமாக ஐந்து தடவை. வலி மாத்திரை போட்டு முக்கால் மணி கழித்து ஆரம்பித்தால் அம்மா பயப்படுவதும் குறையும்.

வீக்கத்துக்கு ஐஸ்தான். இந்தக் கட்டத்தில் சூட்டு ஒத்தடம் வேண்டாம். ஐஸ் வைத்தால் சளி பிடிக்கும் என்று உங்கள் வீட்டிலும் சொல்வார்கள். முழங்காலில் வைத்த ஐஸால் எனக்கு ஒரு நாளும் சளி பிடிக்கவில்லை.

21 நவம்பர் 2024

படி: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். கைத்தடி நல்ல கால் பக்கத்துக் கையில். நான் ஒரு வாரம் ஆபரேஷன் கால் பக்கத்திலேயே பிடித்து நடந்தேன், அதனால் அந்தப் பக்கமே சாய்ந்தேன்.

3 டிசம்பர் 2024

ஃபெஞ்சல் புயல் மழை இங்கேயும் விடாமல் கொட்டியது. வாசலில் பாசி, வெளியே போகவே இல்லை. ஹாலுக்கும் பின்கட்டுக்கும் நடுவில் 22 அடி, அதிலேயே நடந்தேன். ஈரத்துக்கு முழங்கால் இறுக்கிக் கட்டின மாதிரி இருக்கிறது. நீட்டத்தில் குறை 7-லிருந்து 3-க்கு வந்திருக்கிறது. நான்கு வாரம், ஒரு நாளைக்கு மூன்று தடவை டவல். உள்ளங்கை இப்போது நுழையவில்லை, விரல்தான் நுழைகிறது.

புது மூட்டு “டக் டக்” என்று சத்தம் போடுகிறதே என்று கேட்டவருக்கு: எனக்கும் போடுகிறது. உலோகமும் பிளாஸ்டிக்கும் தட்டிக்கொள்கிற சத்தம், வலி இல்லாவிட்டால் பயமில்லை என்றார்கள். முழங்கால் சூடாக இருப்பதும் பல மாதம் இருக்கும். தழும்புக்கு வெளிப்பக்கம் உள்ளங்கை அளவு மரத்துப்போயிருக்கிறது, தோலுக்குப் போகிற சின்ன நரம்பு வெட்டுப்படுவதால் அப்படி. சுருங்கும், முழுசாகப் போகாமலும் இருக்கலாம்.

16 டிசம்பர் 2024

மார்கழி முதல் நாள். கோலம் போட்டேன்.

காலை ஐந்தரைக்கு, 130-ம் நாளில். என் கணவர் டார்ச்சும் நாற்காலியும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே நின்றார். ஏழு புள்ளி, நேர்ப்புள்ளி, சின்னதுதான். கோலம் போடக் குத்தவைத்து உட்கார வேண்டும் என்று இத்தனை நாள் மனசில் ஒரு பயம், இனி இல்லவே இல்லை என்று நினைத்திருந்தேன். உண்மையில் நாம் போடுவது நின்றபடி இடுப்பிலிருந்து குனிந்துதானே. முழங்கால் லேசாக மடங்கினால் போதும். முதுகு வலி உள்ளவர்களுக்கு இது சரிவராது, எனக்கு முதுகு நன்றாக இருக்கிறது.

குத்தவைப்பதும் சம்மணமும் முடியாது, அதை ஏற்றுக்கொண்டேன். 130 டிகிரிக்கு மேல் மடங்க வேண்டும், அவ்வளவு மடக்கி எடையைப் போட வேண்டாம் என்று என் டாக்டர் சொல்லியிருக்கிறார். பூஜையறையில் முக்காலி, காய் நறுக்க மேடை. ஆபரேஷனுக்கு நாள் குறித்திருப்பவர்கள் வீட்டு வேலையை முன்னாலேயே முடியுங்கள்: வெஸ்டர்ன் டாய்லெட், அதன் பக்கத்துச் சுவரில் கைப்பிடிக் கம்பி, உயரமான கட்டில், கை வைத்த நாற்காலி. நாங்கள் கம்பியை ஆபரேஷனுக்குப் பிறகு போட்டோம், சுவரைத் துளைக்கிற தூசியில் நான் படுத்துக்கிடந்தேன்.

26 டிசம்பர் 2024

தம்பி எழுதியிருப்பது: பத்து வாரம் தாண்டியும் அம்மாவுக்கு 82-லேயே நிற்கிறது, மயக்கம் கொடுத்து மடக்கிவிடலாம் என்கிறார் டாக்டர், இன்னொரு ஆபரேஷனா என்று அம்மா பயப்படுகிறார்.

எனக்கு இது நடக்கவில்லை, அதனால் என் டாக்டரிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன். கத்தி வைப்பதில்லை. மயக்கத்தில் தசை தளர்ந்திருக்கும்போது டாக்டர் காலை மெதுவாக மடக்குவார், உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிற தழும்புத் திசு விடும். பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள் செய்தால்தான் பலன் நன்றாக இருக்கும், அதற்குப் பிறகு அந்தத் திசு கெட்டியாகிவிடும். எலும்பு முறிவது போன்ற ஆபத்து அபூர்வமாக உண்டு, அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முடிந்த அன்றைக்கே பயிற்சி ஆரம்பிக்க வேண்டும், அதற்கு வலி மருந்து போதுமான அளவு தர வேண்டும், அதையும் முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள்.

அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். இது அவர் சரியாகப் பயிற்சி செய்யாததால் வந்ததல்ல. சிலர் உடம்பு தழும்பை அதிகமாக உண்டாக்கும். நான் அழுத்தச் சொன்னதால் வீங்கிப்போன அந்தப் பத்து நாளும் இதில் சேர்ந்திருக்குமோ என்று எனக்கு உறுத்துகிறது.

17 ஜனவரி 2025

பொங்கல் அன்று வந்த செய்தி: தம்பியின் அம்மாவுக்கு மடக்கம் 104. அம்மா அடுப்பு முன்னால் நின்று பானை வைத்தாராம். தம்பி, இதை அத்தையிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். “யாரு பெத்த புள்ளையோ, நல்லா இருக்கட்டும்” என்றார்.

9 பிப்ரவரி 2025

செலவு கேட்டவர்களுக்கு. என் பில்லை அப்படியே போட முடியாது, ஊருக்கு ஊர் மாறும். தெரிந்ததைச் சொல்கிறேன். உள்ளே வைக்கிற மூட்டுக்கு அரசு உச்சவரம்பு உண்டு. 2017 ஆகஸ்ட்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் கொண்டுவந்தது. பெரும்பாலோருக்குப் போடுகிற கோபால்ட் குரோமியம் மூட்டு அதற்கு முன் சராசரி 1,58,324 ரூபாய். அதை 54,720 ஆக்கினார்கள், ஜிஎஸ்டி தனி. டைட்டானியம் வகை 76,600. இது அன்றைய விலை, அதுவும் மூட்டுக்கு மட்டும், ஆபரேஷன், அறை, மருந்து எல்லாம் வேறு. பில்லில் மூட்டின் விலை, கம்பெனி, பேட்ச் எண் தனியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். எனக்கு முதல் பில்லில் எல்லாவற்றையும் ஒரே தொகையாகப் போட்டிருந்தார்கள். கேட்ட பிறகு பிரித்துத் தந்தார்கள். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள், பின்னால் எந்த டாக்டரிடம் போனாலும் உதவும்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அரசு மருத்துவமனையிலும் செய்துகொள்ளலாம். எங்கள் தெருவில் பூ விற்கிற அம்மா அப்படித்தான் செய்துகொண்டார், நன்றாக நடக்கிறார். பிசியோவுக்குப் பணம் இல்லை என்று பயிற்சியை விட்டுவிடாதீர்கள். 2021-ல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பூ விற்கிற அம்மாவுக்கு அப்படித்தான் வந்தார்கள்.

2 ஜூன் 2025

இடது கால். அதுவும் தேய்ந்ததுதான், வலது நன்றாக ஆனதும் இதன் வலி தனியாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. இரண்டையும் ஒரே தடவையில் செய்திருக்கலாமே என்று ஒருவர் கேட்டார். சிலருக்குச் செய்கிறார்கள், இதயமும் சர்க்கரையும் நன்றாக இருந்தால். ஊன்றிக்கொள்ள ஒரு நல்ல கால்கூட இல்லாமல் அந்த மூன்றாம் வாரத்தைத் தாண்டியிருப்பேன் என்று எனக்குத் தோன்றவில்லை. வாஜ்பாய் பிரதமராக இருந்தபோது 2000 அக்டோபரில் இடது கால், 2001 ஜூனில் வலது கால் என்று மும்பையில் செய்துகொண்டது எங்கள் ஸ்டாஃப் ரூமில் பெரிய பேச்சாக இருந்தது. அவருக்கே எட்டு மாத இடைவெளி தேவைப்பட்டது என்று என் கணவர் நினைவுபடுத்தினார்.

எத்தனை வருடம் உழைக்கும் என்பதற்கு: 2019-ல் லான்செட் என்கிற மருத்துவ இதழில் வந்த ஆய்வுப்படி நூற்றில் 82 மூட்டு 25 வருடம் தாங்குகிறது. அது ஆஸ்திரேலியா, பின்லாந்து பதிவேடுகளை வைத்து எடுத்த கணக்கு. தரையில் உட்கார்ந்து வாழ்ந்த நமக்கு அது அப்படியே பொருந்துமா என்பது என் சந்தேகம். ஆனால் 64-ல் செய்துகொண்டவளுக்கு அதில் பாதி வந்தாலும் எனக்கு நிறைவுதான்.

8 ஆகஸ்ட் 2025

ஒரு வருடம். மடக்கம் 118, நீட்டம் முழுசு. நேற்று டவுன் பஸ்ஸில் ஏறிப் போய்க் கடைவீதியில் ஒன்றரை மணி நேரம் நடந்தேன். மண்டி போட முடியவில்லை, போட்டால் தழும்பு மேல் முள் குத்துகிற மாதிரி இருக்கிறது. மரத்துப்போன இடம் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குச் சுருங்கியிருக்கிறது.

இடது காலுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். தொடைப் பயிற்சி இப்போதே ஆரம்பித்துவிட்டேன், காலையில் 20, சாயங்காலம் 20. ஹாலில் சாக்பீஸ் டப்பா தயாராக இருக்கிறது. மகள் லீவு போட்டு வருகிறாள், அவளிடம் முதலில் சொன்ன வேலை, ராத்திரி நான் எவ்வளவு கெஞ்சினாலும் முழங்காலுக்கு அடியில் தலையணை தரக் கூடாது என்பது.

தம்பி, அம்மாவுக்கு மண்டி போட வருகிறதா என்று கேட்டு எழுதுங்கள்.